இங்கிலீஷ் தடுமாறினால் என்ன? ரஷ்யன் வரும்!

"இங்கிலீஷே தடுமாறுது, இதுல ரஷ்யனா?" என்று கேட்கிறாய். ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் வடக்குப்பட்டுத் தம்பியே, அந்தக் கேள்வியை இன்றோடு தலைமுழுகு! ரஷ்ய மொழிக்குள் ஆங்கில வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? உன் அம்மா பேசிய தமிழே உன்னை நேராகக் கொண்டுபோய் விடும்.

நம்பிக்கை வரவில்லையா? 'எனக்கு இருபது வயது' என்பதை ரஷ்யர் 'ம்ன்யே த்வாத்ஸத் ல்யேத்' என்பார். ம்ன்யே, எனக்கு. த்வாத்ஸத், இருபது. ல்யேத், ஆண்டுகள். சொல்லுக்குச் சொல் நம் வரிசை! எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்கும்: இரண்டுக்கும் அதே ம்ன்யேதான். 'உ மின்யா யேஸ்த்' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. 'நான் தொழிலாளி' என்பது 'யா ரபோச்சிய்'. இரண்டே சொல், நடுவில் வினைச்சொல் கிடையாது. உன் அப்பா பெயரை இனிஷியலாகச் சுமக்கிறாயே, அவர்களும் மரியாதையாகக் கூப்பிடும்போது அப்பா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். பியோத்தரின் மகன் இவான் என்றால், இவான் பெத்ரோவிச். வேற்றுமையா? பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்தவன் நீ. அங்கே ஆறுதான்!

எழுத்து 33. சின்ன வயதில் 247 எழுத்தை மணலிலும் சிலேட்டிலும் வசப்படுத்திய இனத்துக்கு அது ஒரு மலையா? முக்கியமாக நான்கு எழுத்தில் விழிப்பாக இரு. ஆங்கில B போலத் தெரிவது 'வ்', H போலத் தெரிவது 'ன்', P போலத் தெரிவது 'ர்', C போலத் தெரிவது 'ஸ்'. ஒரு வாரம், ஷிப்டுக்குப் போகும் வழியில் தினம் ஐந்து எழுத்து. தமிழில் எழுதிவைத்துப் படிப்பதை அத்தோடு விட்டுவிடு; நான் மேலே எழுதிக்காட்டியது கரையில் நின்று கால் நனைக்க மட்டும்தான்.

கஷ்டம் இல்லை என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். அழுத்தம் விழாத 'ஓ' கிட்டத்தட்ட 'அ' ஆகிவிடும். அதனால்தான் எழுத்தைக் கூட்டினால் 'ஹொரொஷொ' என்று வரும் சொல்லை 'ஹரஷோ' என்கிறார்கள். 'நல்லது' என்று பொருள். இதைக் கண்ணால் படித்து எவனாலும் கற்க முடியாது. காதால் கேள், வாயால் சொல், செல்போனில் பதிவு செய், மறுபடி கேள். வினைச்சொற்கள் ஜோடி ஜோடியாக வந்து மிரட்டும். 'ச்சிதால்' என்றால் படித்துக்கொண்டிருந்தான், 'ப்ரச்சிதால்' என்றால் படித்து முடித்தான். இந்த வேறுபாடு உன் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. பயப்படாதே!

மாஸ்கோவைப் பார். அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி என்ற ரஷ்யர், வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டறியாத மனிதர், தமிழைக் கற்றார். சங்க இலக்கியத்துக்குள் இறங்கினார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்து 2020-ல் மறைந்தார். பனி கொட்டும் ஊரில் பிறந்தவர் நம் குறிஞ்சியையும் நெய்தலையும் வசப்படுத்தினார் என்றால், உனக்கு ரஷ்ய மொழியில் ஒரு 'வணக்கம்' வராதா? கூடங்குளத்தில் 1988 ஒப்பந்தத்தின் வழியே வந்த அணுஉலைகளில் ரஷ்ய வல்லுநர்களும் நம் ஆட்களும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். பேச ஆள் இல்லை என்று சொல்லாதே.

உன் ஊர் மண்ணையே தோண்டிப் பார்த்தார்கள். 2022-ல் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் தோண்டியபோது கற்காலக் கருவிகளோடு ரோமானிய மதுச்சாடியின் ஓடுகளும் கிடைத்தன. கடல் தாண்டியவர்களின் பொருள் புழங்கிய ஊர் இது! அந்த ஊர்ப் பிள்ளை அயல்மொழி கேட்டு ஒதுங்கி நிற்பதா?

சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம் இருக்கிறது. அங்கே ரஷ்ய வகுப்பு நடக்கும். வார விடுமுறையில் ஒரு நாள் போய்க் கதவைத் தட்டு. உள்ளே யாராவது 'அத்கூதா வி?' என்பார்கள், எந்த ஊர் என்று. தலையை நிமிர்த்திச் சொல்: 'யா இஸ் வடக்குப்பட்டு!'