ஒரு துளிக் குருதி யாருக்கு உரியது?

அரபு மருத்துவ நூல்களில் நீரிழிவு நோய்க்குத் ‘தூலாப்’ என்றொரு பெயர் உண்டு. நீரிறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் இப்னு ஸீனா ‘அல்கானூன்’ எனும் பெருநூலில் இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். பருகிய நீர் உடலில் தங்காது, சக்கரம் சுழன்று கொட்டுவதுபோல் உடனே வெளியேறுவதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. கமலை கட்டி நீரிறைத்த வடமதுரைப் பக்கத்து முதியோருக்கு இவ்வுவமையை விளக்கத் தேவையில்லை.

முன்பெல்லாம் இதனைச் செல்வர்களின் நோய் என்பார்கள். உட்கார்ந்து உண்பவர்க்கே வரும் என்று உழைப்பாளிகள் நிம்மதியாய் இருந்த காலம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் பேரைச் சோதித்து, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய் உடையவர் என்று அது கணித்தது. அதே ஆய்வின் 2017ஆம் ஆண்டுப் பகுதியோ மற்றொன்றையும் சொல்லிற்று: வளம் மிகுந்த மாநிலங்களின் நகரங்களில் செல்வரைவிட ஏழைகளிடமே நோய் மிகுந்து காணப்படுகிறது. திண்டுக்கல் – திருச்சி சாலையோரத்து நூற்பாலைகளில் இரவு முறை வேலை பார்த்துவிட்டு, விடியற்காலை தேநீரோடு வீடு திரும்பும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில்தான் ஓர் அறநெறி வினா எழுகிறது. ஆராய்ச்சிக்கென்று ஓர் ஏழை தன் விரலை நீட்டி ஒரு துளிக் குருதி தருகிறான். அத்துளி எண்ணாகிறது, எண்கள் சேர்ந்து கட்டுரையாகிறது, கட்டுரை அறிஞருக்குப் புகழாகிறது. தந்தவனுக்கு என்ன உரிமை?

“விரும்பித்தானே கொடுத்தான், அது அன்பளிப்பு, அன்பளிப்பில் திரும்பக் கேட்க என்ன இருக்கிறது?” என்று வாதிடலாம். வேறொருவர், “கைச்செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது” என்பார். இரண்டாமவருக்கு விடை எளிது. நம் ஃபிக்ஹு சட்டத்தில் குருதி விற்பனைப் பொருளே அன்று. அதற்கு விலை வாங்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். விலையே இல்லாத பொருளுக்கு விலை கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது எங்ஙனம்? முதலாமவருக்கு விடை சொல்லச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த ஏழை யாருக்குக் கொடுத்தான்? ஆராய்ச்சியாளரின் புகழுக்கா? தன்னைப் போன்ற நோயாளிகள் பிழைக்கட்டும் என்றன்றோ கொடுத்தான்! ஆகவே இது அன்பளிப்பைவிட வக்ஃபுக்கே நெருக்கமானது. சட்டப்படி வக்ஃபு என்று நான் சொல்லவரவில்லை. அதன் நெறி இதற்குப் பொருந்தும் என்கிறேன். வக்ஃபுச் சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி தம் உழைப்புக்கு நியாயமான ஊதியம் பெறலாம். ஆனால் விளைச்சல் யாருக்கென்று எழுதப்பட்டதோ அவரைச் சென்றடையாவிட்டால் அவர் பொறுப்பில் தவறியவரே ஆவார்.

இந்நெறி நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு பகுதியில் 42 சிற்றூர்களில், டாக்டர் வி. மோகன் தலைமையிலான மேற்சொன்ன சென்னை நிறுவனம் 2006இல் ஒரு பணியைத் தொடங்கியது. அங்கிருந்த வயது வந்தோர் 27,014 பேரில் 23,380 பேரைச் சோதித்தார்கள். சோதித்ததோடு எழுந்து போய்விடவில்லை. அங்கேயே சிகிச்சை நிலையம் அமைத்தார்கள். கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவிகளோடு ஒரு வண்டி ஊர் ஊராகச் சென்றது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் துணைக்கோள் வழியே அப்படங்கள் சென்னை மருத்துவர்களை அடைந்தன. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு ஓராண்டிற்குள் 9.3 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களே பட்டணத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் மிச்சமான வீடுகளில் இதன் மதிப்பு நன்கு தெரிந்திருக்கும்.

கேரளத்து முயற்சி ஒன்றையும் கூறவேண்டும், வேறு காரணத்திற்காக. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்டு, ஊராரிலிருந்தே வழிகாட்டிகளைத் தேர்ந்து, உணவும் பழக்கமும் மாற்றிட ஓராண்டு முயன்றார்கள். ஈராண்டு கழித்துக் கணக்கிட்டபோது, நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மதுப்பழக்கம் குறைந்திருந்தது. இரண்டையும் மறைக்காது 2018இல் வெளியிட்டார்கள். சாட்சியத்தை மறைப்பது எத்துணைப் பெரிய பாவம் என்று ஓதிக்கொடுக்கும் நமக்கு, இந்த நேர்மை பெரிதாகவே படுகிறது.

ஆராய்ச்சியாளர் கடமையை மட்டும் பேசினால் போதுமா? நம் கடமையும் உண்டு. மருத்துவக் கல்வியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பர்ளு கிபாயா என்றார்கள். ஊரில் எவருமே அதை நிறைவேற்றாவிட்டால் ஊரார் அனைவருமே குற்றவாளிகள். சட்டக்கலை பயிலக் கூட்டம் கூடுவதையும் மருத்துவம் பயில ஆளில்லாதிருப்பதையும் ‘இஹ்யா’வில் அவர்கள் நொந்து எழுதியிருக்கிறார்கள். என் போன்ற மதரஸாக்காரர்கள் அப்பகுதியைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறோம்!

ரமளானை எடுத்துக்கொள்வோம். 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001இல் ஓர் ஆய்வு நடந்தது. வயது வந்தபின் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 79 பேர் பதினைந்து நாளேனும் நோன்பு வைத்திருந்தனர். சர்க்கரை மிகத் தாழ்ந்து ஆபத்தாகும் நிகழ்ச்சி அம்மாதத்தில் அவர்களிடையே ஏழரை மடங்காகியிருந்தது. நோயாளிக்குப் பகரா அத்தியாயம் தெளிவாகவே சலுகை தந்திருக்கிறது. ஆனால் எவருக்குச் சலுகை என்பதை ஆலிம் தனித்து முடிவு செய்ய இயலாது, மருத்துவர் சொன்னாலோ, “இவருக்கு மார்க்கம் தெரியுமா?” என்று நம் மக்கள் கேட்கிறார்கள். இதை உணர்ந்தே மருத்துவர்களும் உலமாக்களும் கலந்து 2016இலும் 2021இலும் அனைத்துலக வழிகாட்டி நெறிகளை வகுத்தனர். விரல்நுனியில் குருதி எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். இவ்விரு செய்திகளும் ஷஃபான் மாதத்து ஜும்ஆ உரையிலேயே சொல்லப்படுமாயின் எத்தனையோ குடும்பங்கள் காக்கப்படும். தீராத நோயுடையோர்க்குரிய ஃபித்யாவைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடலாம். நோன்பு விட்டவர் வெட்கப்பட்டுக் கதவடைத்து உண்ணும் நிலைமை மாறவேண்டும்.

நம் மாவட்டத்திற்கு இத்தகைய கூட்டுறவு புதிதன்று. மருத்துவர் சௌந்தரம் அம்மையார் உருவாக்கிய காந்திகிராமம், ஊர்ப் பெரியவர்களைத் துணைக்கொண்டு 1959 முதல் ஆத்தூர் வட்டாரத்தில் நலவாழ்வு ஆய்வுகளை நடத்தியது. இன்று திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. நாளை ஓர் ஆய்வுக்குழு வடமதுரைப் பள்ளிவாசலை நாடி வருமானால், ஜமாஅத்தார் தேநீர் கொடுத்து உபசரிக்கும்போதே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். முடிவைச் சோதிக்கப்பட்டவரிடம் தமிழில் யார் சொல்வார்? நோய் இருப்பதாகத் தெரிந்தவருக்கு அடுத்த மாத மருந்து எங்கிருந்து வரும்? ஆய்வு முடிந்தபின் அந்தக் கருவி ஊரில் இருக்குமா? இன்னுமொன்று: பள்ளிவாசல் அறிவிப்பு பெண்களைச் சென்றடைவது அரிது. வீட்டார் அனைவர்க்கும் பரிமாறியபின் கடைசியில் உண்டு, தன் காலில் ஆறாத புண்ணை எவரிடமும் சொல்லாதிருக்கும் தாய்மார்களின் வாசலுக்கு, அக்குழுவில் ஒரு பெண்ணேனும் வருவாரா என்பதையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.