உடைமைப் பற்றும் அன்பும்

ஜெயங்கொண்டத்தை அடுத்துள்ள கங்கைகொண்ட சோழபுரத் திருக்கோயிலில், விமானத்தின் தென்புறத்து மாடமொன்றில் மாதொருபாகன் திருவுருவம் விளங்குகின்றது. முதலாம் இராசேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த அக்கோயிலை வலம் வருவோர் அதனைத் தொழுது செல்கின்றனர். மனைவியை ‘என் பாதி’ என்று கூறும் வழக்கும் நம்மிடை உண்டு. அங்ஙனம் கூறும் ஒருவன், அவள் யாரோடு பேசினாள், எங்குச் சென்றாள், எவ்வளவு செலவிட்டாள் என நாடோறும் கணக்குக் கேட்பானாயின், அவன் அவளைப் பாதியாகக் கொண்டானோ, பண்டமாகக் கொண்டானோ? சில மனைகளில் அக்கணக்கு இறுதியிற் கொலையாய் முடிகின்றது. ஆகலின் இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று; உயிர் பற்றியது.

1995-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் இரவு, இளைஞர் காங்கிரசின் தில்லித் தலைவராயிருந்த சுசீல் சர்மா என்பார் தம் மனைவியார் நைனா சாகனியைச் சுட்டுக் கொன்றார். ‘தந்தூர் அடுப்புக் கொலை’ என நாடெங்கும் பேசப்பட்ட வழக்கு அஃதே. உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 8-இல் அவர் குற்றவாளியே என உறுதி செய்து, தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றிற்று. கணவர் ஆழ்ந்த காதலுடையவர் என்றும், மனைவியைத் தமக்கே உரியவராகப் பற்றி நின்றவர் என்றும், அவர் ஒழுக்கத்தில் ஐயுற்றவர் என்றும், அப்பற்றின் விளைவே கொலை என்றும் நீதிபதிகள் கண்டனர்; தனிப்பட்ட உறவு சீர்கெட்டமையால் நேர்ந்த அஃது சமுதாயத்துக்கு எதிரான குற்றமன்று எனவும் கருதினர். தண்டனை குறைந்தமை பற்றி நமக்கு வழக்கில்லை. ஆழ்ந்த காதலும் உடைமைப் பற்றும் ஒரு கொடியின் மலரும் காயும்போல ஒருங்கு வைத்து எண்ணப்படுதலே ஈண்டு ஆராயத்தக்கது. நம் ஊர்த் திண்ணைகளிலும் இத்தகைய கொலை நேர்ந்தவிடத்து, “அவ்வளவு ஆசை வைத்திருந்தான், அதனாற்றான் பொறுக்கவில்லை” என்றே பேசுகின்றனர்.

இக்கருத்துப் பொருந்துமோ எனின், பொருந்தாது. உயிர்கள் பல என்பதும், ஒவ்வோருயிர்க்கும் அறிவும் இச்சையும் செயலும் தனித்தனி உண்டு என்பதும், அவற்றுக்கெல்லாம் பதி இறைவன் ஒருவனே என்பதும் சித்தாந்தத் துணிபு. ஒரு பசு மற்றொரு பசுவுக்குப் பதியாதல் யாண்டும் இல்லை. மணம் என்பது ஈருயிர் துணையாதலேயன்றி, ஓருயிரின் அறிவிச்சை செயல்களை மற்றோருயிர் விலைக்குக் கொண்டதாகாது. அன்பு பிறிதோருயிரின் ஆக்கத்தை நாடும். உடைமைப் பற்று அவ்வுயிரைத் தன் கைப்பொருளாக்க நாடும். முன்னது அருளின் வழிப்பட்டது. பின்னது ‘எனது’ என்னும் ஆணவத்தின் வழிப்பட்டது. புற இருள் பிறபொருளை மறைத்துத் தன்னைக் காட்டும்; ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என்பர் நம் ஆசிரியர். ஐயுற்று அடக்குவோன் தன் செயலை அன்பென்றே நம்புதற்கும், அண்டை வீட்டாரும் அவ்வாறே நம்புதற்கும் காரணம் இதுவே.

அற்றேல், அறிவு மயங்கிய ஒரு கணத்திற் செய்ததன்றோ எனின், அதுவும் ஆராயத்தக்கதே. கடுமையும் திடீர்மையும் உடைய சினமூட்டலாற் செய்த கொலையை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குறைந்த குற்றமாக வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதையும் அவ்விதியைப் போற்றுகின்றது. விதியிற் குறையில்லை, இக்கொலைகளைத் திடீரென நேர்ந்தனவாகக் கொள்ளுதலே பிழை. பிரித்தானிய அறிஞர் ஜேன் மங்க்டன் சிமித் 372 கொலைகளை ஆராய்ந்து, எட்டுப் படிகளை எடுத்துக் காட்டினார். முன்னரும் ஒருத்தியை வருத்திய வரலாறு, விரைந்து பற்றிய உறவு, அடக்கியாளும் வாழ்க்கை, பிரிவோ பிரிவச்சமோ ஆகிய தூண்டுதல், கொடுமை மிகுதல், எண்ணம் மாறுதல், திட்டமிடல், கொலை என்பன அவை. முதற்படியில் நின்றார் அனைவரும் இறுதிப்படி ஏறுவர் என்பது இதன் கருத்தன்று. ஏறியோர்க்குக் கீழ்ப்படிகள் இருந்தன என்பதே கருத்து. இங்கிலாந்து 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடக்கியாளுதலைத் தனிக்குற்றமாக்கிற்று. 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்டிர் நூற்றுவருள் ஏறத்தாழ 38 பேர் கணவரால் துன்புறுத்தப்பட்டவர். 2023-இல் உலகெங்கும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்ட பெண்டிரும் சிறுமியரும் ஏறத்தாழ 51,100 பேர் என்று ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. இத்துணை உயிர்கள் மாய்வதைச் சமுதாயத்துக்கு அயலானதென எங்ஙனம் தள்ளுவது?

இனி, அழுக்காறு தோன்றுதலே குற்றமோ எனின், அன்று. தில்லைவாழ் குயவராகிய திருநீலகண்ட நாயனாரின் வரலாற்றை நோக்குக. கணவர் பரத்தையிற் பிரிந்தமையறிந்த மனைவியார் வெகுண்டார். வெகுளிக்குக் காரணமும் இருந்தது. எனினும் அவர் கணவரை அடைத்து வைத்தாரில்லை. தம்மைத் தீண்டலாகாதென இறைவன் திருப்பெயரால் ஆணையிட்டார். நாயனாரோ, ‘என் மனைவியன்றோ’ என்று உரிமை பேசாது, ஒரே இல்லத்தில் உடனுறைந்தும் முதுமையெய்துங்காறும் அவ்வாணையைக் காத்தார். தன் உடம்புக்குத் தான் எல்லை வகுத்தல் வேறு. பிறர் வாழ்வைச் சுற்றி வேலியிடுதல் வேறு. முன்னதை மதித்த கணவரை நாம் நாயனாராக வணங்குகின்றோம். பின்னதைச் செய்வானைக் ‘காதல் மிக்கவன்’ எனப் புகழ்தல் எங்ஙனம் தகும்?

ஆகவே சுற்றத்தார் கடமை தெளிவாகின்றது. தாயகம் புகுந்து அழும் மகளைப் “பொறுத்துப் போ” என்று திருப்பி அனுப்புதல் அறமாகாது. பிரியத் துணியுங் காலமே பேரிடர் மிக்க காலமாதலின், துணையின்றித் தனியே பிரிந்து போகச் சொல்லுதலும் தகாது. அவள் கூற்றை நம்புக, அவள் உறையுமிடத்தை மறைத்துக் காக்க, தனியே விடற்க. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமன்றிச் சொல்லாலும் பொருளாலும் செய்யுங் கொடுமையையும் வன்முறையென்றே கொண்டு, காப்பாணையும் உறைவிட உரிமையும் அளிக்கின்றது. 181 என்னும் எண்ணில் மகளிர்க்குத் தொலைபேசி உதவியும் உண்டு.

மாதொருபாகன் திருமேனியில் இடப்பாகம் வலப்பாகத்தின் உடைமையன்று. அவ்வுருவைத் தொழுது இல்லம் திரும்புவோர், தம் மனையாள் தம்மை அஞ்சுகின்றனளோ என ஒருகால் தம் நெஞ்சைத் தாமே வினவுவாராக.