ஆட்சியும் ஆவணமும்: அத்திபெலே நிலப்பதிவேட்டை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஒசூரைக் கடந்து கர்நாடக எல்லைக்குள் நுழைவோர்க்கு முதலில் எதிர்ப்படும் ஊர் அத்திபெலே. பெங்களூரு நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தைச் சார்ந்த இவ்வூர்ப் பகுதியில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்றன. எல்லைக்கு இப்பால் பட்டா, சிட்டா, அடங்கல் எனப் பிரிந்து நிற்கும் செய்திகள் அப்பால் 'பகணி' என்னும் ஓர் ஏட்டில் அடங்குகின்றன. கேழ்வரகு விளைந்த நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிய நிலையில், அவ்வேட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்க வல்லதாகிறது. வரி தண்டுவதற்கென எழுந்த ஏடு உரிமைக்குச் சான்றாக எத்துணைக் கனம் பெறலாம் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 133ஆம் பிரிவில், உரிமைப் பதிவேட்டின் பதிவு தவறென மெய்ப்பிக்கப்படும்வரை உண்மையெனவே கொள்ளப்படும் என்கிறது. உச்ச நீதிமன்றமோ, பெயர் மாற்றப் பதிவு உரிமையை ஆக்குவதும் அன்று, அழிப்பதும் அன்று என 1996, 1997ஆம் ஆண்டுகளில் தீர்ப்பளித்து, 2021இலும் அதனை வலியுறுத்தியது. சட்ட நோக்கில் இவ்விரண்டும் முரணுவன அல்ல. ஆயின் மெய்ப்பிக்கும் சுமை யார்மேல் விழுகிறது? கணக்கர் எவர் பெயரை எழுதாது விட்டாரோ அவர்மேல்! எழுதப்பட்டவர் வாளா இருக்கலாம். எழுதப்படாதவரே உரிமையியல் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். 'உனக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறதா?' என்னும் உலக வழக்கு, மக்கள் மனத்தில் பட்டாவே உரிமையாகிவிட்டதைக் காட்டும்.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் இங்கு நினைக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். வழக்கு நிலம் பற்றியதன்று, ஓர் ஆளின் அடிமை பற்றியது. எனினும் சான்றுமுறை பொதுவானது. முதியவர் மூல ஓலையைக் காட்டிய பின்னரும் அவை அதனை அப்படியே ஏற்கவில்லை. சான்றொப்பமிட்டோர் தம் எழுத்தென ஒப்புகின்றனர். பாட்டனாரின் கையெழுத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையுடன் ஒப்பிடப்படுகிறது. ஓலை தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆவணத்தைத் தாழ்த்தி ஆட்சியை உயர்த்திவிட்டால் அறம் நிலைத்துவிடுமோ எனின், கர்நாடகத்தின் இரு சட்டங்கள் அவ்வாறு எண்ணவிடா. 1961ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, 1974 மார்ச் 1 முதல் குத்தகை நிலங்கள் அரசைச் சார்ந்தன; உழுதவர் நிலத் தீர்ப்பாயத்தில் உரிமை கோரலாயினர். பகணியில் பயிரிடுவோர் பத்தியில் பெயரில்லாத வாய்மொழிக் குத்தகையாளர் அயலாரின் சான்றையே நம்ப வேண்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில், 1978இல் வந்த மற்றொரு சட்டம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு வழங்கிய நிலங்கள் நிபந்தனைக்கு மாறாகக் கைமாறியிருப்பின் அக்கைமாற்றம் செல்லாது என்றது. முன்னதில் உழுதவரின் ஆட்சி, நிலக்கிழார் பெயர் தாங்கிய ஏட்டை வென்றது. பின்னதில் எளியவரின் வழங்கலாணை, வாங்கியவரின் நெடுநாள் ஆட்சியை வெல்கிறது. இவ்வழக்குகள் தக்க காலத்திற்குள் தொடுக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியபின், காலவரம்பு இல்லையென 2023இல் மாநில அரசு சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. ஏட்டின் கனம் ஏட்டில் இல்லை. எழுதியவர்க்கும் எழுதப்பட்டவர்க்கும் இடையிலிருந்த வலிமை வேறுபாட்டையும் சேர்த்தே அது நிறுக்கப்பட வேண்டும் என்பது என் துணிபு.

2000ஆம் ஆண்டையொட்டி 'பூமி' திட்டத்தின்வழி ஏறத்தாழ 2 கோடிப் பகணிகள் கணினிக்குள் சென்றன. கணக்கர் தம் விருப்பம்போல் திருத்தும் வழி பெரிதும் அடைபட்டது நன்றே. அதற்கு முன் புகுந்த பிழையும் அவ்வாறே உள்ளே உறைந்தது. அயலார் காட்சியின் எச்சமென இன்று நிற்பது, பெயர் மாற்றத்தின்போது மறுப்புக் கோரி வெளியிடப்படும் அறிவிப்பு ஒன்றே. அயல் நிலத்தாரும் விற்றுவிட்டு வெளியேறி, வாங்கியோர் வேற்றூரில் வாழும் இடங்களில், அவ்வறிவிப்பைப் படித்து, இந்நிலத்தை உழுதவர் இன்னார் என்று சொல்ல எவர் எஞ்சியிருப்பர்?