காளானும் கடவுளும்

மூலிகை தின்று கண்ட தெய்வம் தெய்வமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் அதிக ருசி இல்லை. நாற்பது நாள் பட்டினி கிடந்து தரிசனம் பெற்றவனுடைய உடம்பும் மாறித்தானே இருக்கிறது? ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதுமே சோமரசத்தைப் பற்றியது. அது எந்தச் செடி என்பதில் பண்டிதர்களுக்கு இன்றும் ஒற்றுமை இல்லை. ஆனால் பருகியவர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

என்னை உறுத்துவது வேறு ஒன்று.

மெக்ஸிகோவில், ஓவாஹாகா மலைப் பிரதேசத்தில், மரியா ஸபீனா என்ற மஸாடெக் அம்மாள் இருந்தார். படிப்பறியாதவர். வியாதிக்காரரை எதிரில் வைத்துக்கொண்டு, காளானை உண்டு, இரவெல்லாம் பாடி, நோயின் காரணத்தைக் கண்டு சொல்வது அவர் வழக்கம். 1955 ஜூனில் கோர்டன் வாஸன் என்ற நியூயார்க் பாங்கி அதிகாரி அந்தச் சடங்கில் உட்கார்ந்து தாமும் தின்றார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். அம்மாளின் பெயரை மாற்றித்தான் எழுதினார். பெயரை மறைத்தால் மலை மறைந்துவிடுமா? வெளிநாட்டு வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பின்னாலேயே போலீஸும் வந்தது. அம்மாளின் வீட்டுக்கு யாரோ தீ வைத்தார்கள். 1985-ல் அவர் ஏழையாகவே செத்துப்போனார்.

1962-ல் ஹாஃப்மன் என்ற ஸ்விஸ் ரசாயனி, காளானின் சத்தை மாத்திரையாக்கிக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தார். உண்டு பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்றார் அம்மாள். அவரே பிற்காலத்தில், அந்நியர் வந்த பிறகு காளானின் சக்தி போய்விட்டது என்றும் சொன்னார். சத்து மாறவில்லை, சக்தி போயிற்று! முரண்பாடு என்று தள்ளிவிடலாம். எனக்கு இரண்டையும் நம்பத் தோன்றுகிறது. முன்பெல்லாம் கடவுளைப் பார்ப்பதற்கென்று யாரும் காளான் தின்றதில்லை, நோயாளி பிழைக்கவே தின்றோம் என்று அவர் சொன்னதுதான் காரணம். பிறத்தியார் ஜுரத்துக்காகக் கண் விழித்த இடத்தில், வந்தவன் தன் ஆத்மாவைத் தேடிக்கொண்டு படுத்திருந்தான். அவனும் யோக்கியமானவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் கேட்டது வேறு.

வாஸன் பின்னாளில் வருந்தி எழுதினார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நினைக்கிறேன். முதலிலேயே அம்மாள் மறுத்திருக்கலாமே என்பார்கள். அதற்கும் அவர் பதில் சொல்லியிருக்கிறார்: வந்தவர்களை அனுப்பியது ஊர் அதிகாரி, அவரிடம் எப்படி முடியாது என்பது?