துணையும் தற்சார்பும்: பார்வையற்றோர் மரதன் ஓட்டம் எழுப்பும் ஓர் அறவியல் வினா

பிறர் துணையால் நிறைவேறிய ஒரு செயலை ஒருவர் தமது செயலென்று உரிமை கொண்டாடலாமா என்பது, எளிதாகத் தோன்றி, ஆராயப் புகும்போது கடினமாகும் அறவியல் வினாக்களுள் ஒன்றாகும். தனித்து நின்று முடித்ததே முழுமையான சாதனை, துணையுடன் முடித்தது அதனிற் குறைந்தது என்பது பொதுவான எண்ணம். தன்னம்பிக்கையைப் போற்றும் மேடைப் பேச்சுக்களும் இவ்வெண்ணத்தையே வளர்த்து வருகின்றன. இதனைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பார்வையற்றோர் பங்குபற்றும் மரதன் ஓட்டம் மிகப் பொருத்தமானதொரு களமாகும்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். பராலிம்பிக் போட்டிகளில் ரி-11 என வகுக்கப்பட்ட, பார்வை ஏறத்தாழ முற்றாக இல்லாத வீரர்கள், தமக்குள் ஏற்றத்தாழ்வு இருத்தலாகாது என்பதற்காகக் கண்களை மறைத்துக்கொண்டு, வழித்துணைவர் ஒருவருடனேயே ஓடுதல் வேண்டும். ஓரளவு பார்வையுடைய ரி-12 வகுப்பினர் விரும்பினால் துணைவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இருவரும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பற்றியபடி ஓடுவர். ஒருவரது வலக்கையும் மற்றவரது இடக்கையும் ஒன்றாக வீசப்படும். காலடிகளும் அதற்கேற்ப இணைந்து விழும். வளைவு, மேடு, நீர் வழங்கும் இடம், முந்திச் செல்வோர் ஆகியவற்றைத் துணைவர் உடனுக்குடன் சொல்லிக்கொண்டே வருவார். ஓடும்போதே பேசுவதற்கும் மூச்சு வேண்டுமாதலால், அவர் வீரரைவிட விரைந்து ஓட வல்லவராயிருத்தல் அவசியம். இத்தகைய இணக்கம் ஒரு நாளில் வருவதன்று. பல மாத காலக் கூட்டுப் பயிற்சியின் பயனாகவே அது கைகூடும்.

இவ்வோட்டத்துக்குரிய விதிகளிலே ஆழ்ந்த அறக்கருத்தொன்று பொதிந்துள்ளது. துணைவர் வீரரை இழுத்தலாகாது, தள்ளுதலும் ஆகாது, முடிவுக் கோட்டை வீரரே முதலிற் கடத்தல் வேண்டும். சுருங்கக் கூறின், துணைவர் கண்ணைக் கொடுக்கலாம், காலைக் கொடுத்தலாகாது. முயற்சி எவருடையதோ அவருடையதே செயல் என்னும் கொள்கையே இவ்விதிகளுக்கு அடிப்படை எனலாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பாதையைக் காண்பவர் துணைவர். 'திரும்பு' என்பதும் 'நில்' என்பதும் அவர் வாக்கு. அவ்வாறாயின் தீர்மானிப்பவரும் அவரே அன்றோ? இம்மறுப்பு, செய்தியையும் சித்தத்தையும் ஒன்றெனக் கொள்வதால் எழுவது. வளைவு எங்குள்ளது என்பது செய்தி. வேகத்தைக் கூட்டுவதா, குறைப்பதா, முப்பதாவது கிலோமீற்றரில் உடல் கெஞ்சும்போது ஓட்டத்தையே கைவிடுவதா என்பன சித்தத்தின் பாற்பட்டவை. அவற்றை வீரரே தீர்மானிக்கிறார். மேலும், பார்வையுள்ள வீரரும் பிறர் அளந்தமைத்த பாதையில், பிறர் நீட்டும் நீரைப் பருகி, நண்பர்களுடன் பயின்று பழகிய வேகத்திலேயே ஓடுகிறார். அவர் பெறும் துணை பலரிடையே பரந்து கிடப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பார்வையற்றவர் பெறும் துணையோ கயிற்றின் வடிவிற் புலப்பட்டுவிடுகிறது. இவ்விரண்டுக்குமிடையே அளவில் வேறுபாடு உண்டு, தன்மையில் இல்லை.

துணைவரின் நிலையும் ஆராயத்தக்கது. 1976 இல் செயற்கைக் காலுடன் நியூயோர்க் மரதனை ஓடி முடித்த டிக் ட்ரோம், 1983 இல் அக்கிலீஸ் ஓட்டக் கழகத்தை நிறுவினார். மாற்றுத்திறனாளிகளுடன் தொண்டர்கள் சேர்ந்து பயின்று ஓடும் முறை அதன் மூலம் பரவியது. இத்தொண்டினை ஈகை எனல் பொருந்துமா? வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வகுத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஈகையில் உடையவர் ஒருபுறமும் இல்லாதவர் மறுபுறமும் நிற்கின்றனர். ஒப்புரவு என்னும் சொல்லிலோ 'ஒப்பு' அடங்கியுள்ளது. வழித்துணை ஒப்புரவையே சாரும். துணைவர் தமது வலிமையை வழங்குவதற்குப் பயில்வதிலும் பார்க்க, அதனை அடக்குவதற்கே அதிகம் பயில வேண்டியுள்ளது. முந்த வல்லவர் முந்தாதிருக்கிறார். இன்னொருவரின் வேகத்தைத் தமது வேகமாக ஏற்கிறார். இரக்கம் மிகுந்து அவர் இழுக்கத் தொடங்கினால், விதியை மீறுவதோடு வீரரின் முயற்சியையும் பறித்தவராகிறார்.

அவ்வாறாயின் துணைவர் பிறர் வெற்றிக்குரிய வெறுங் கருவியா? மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது 1785 இல் வெளியான தமது அறவியல் நூலில் கான்ற் வற்புறுத்திய கொள்கை. துணைவர் தாமே விரும்பி வீரரின் இலக்கைத் தமது இலக்காக்கிக்கொள்வதால் கருவியாவதினின்று தப்புகிறார் எனலாம். 2012 இலண்டன் பராலிம்பிக்கில் துணைவர்களுக்கும் பதக்கம் வழங்கப்பட்டமை இதனை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஆயினும், துணைவரே தளரும்போது வீரரின் கடமை யாது?

2000 ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற 5,000 மீற்றர் ஓட்டத்தில், கென்ய வீரர் ஹென்றி வன்யொய்கே முன்னணியில் வந்துகொண்டிருந்தார். நோயுற்றிருந்த அவரது துணைவர் ஈடுகொடுக்க முடியாது தள்ளாடினார். பார்வையற்ற வீரரே பார்வையுள்ளவரை இழுத்துக்கொண்டு கோட்டைக் கடந்து தங்கப் பதக்கம் பெற்றார்.

2024 செப்டெம்பரில் பாரிஸில் முடிவு வேறாக அமைந்தது. ரி-12 பெண்கள் மரதனில் ஸ்பெயின் வீராங்கனை எலினா கொங்கொஸ்ற், நான்காவதாக வந்தவரிலும் மூன்று நிமிடங்களுக்கு மேல் முந்தி, மூன்றாமிடத்தில் வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில மீற்றர் தூரத்தில், தசைப்பிடிப்பினால் விழப்போன துணைவர் மியா கரோலைத் தாங்குவதற்காக ஒரு கணம் கயிற்றை விட்டார். முடிவு வரை கயிற்றைப் பற்றியிருத்தல் வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனால் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வெண்கலப் பதக்கம் அன்று யப்பான் வீராங்கனை மிசாற்றோ மிச்சிஷிற்றாவுக்குச் சென்றது.

நடுவர் தவறிழைத்தனர் என்று எளிதிற் கூறிவிட முடியாது. ஒவ்வொருவர் உள்ளத்தையும் அளந்து விதியைத் தளர்த்தினால், எல்லோருக்கும் ஒரே விதி என்னும் நீதி குலையும். ஆயினும் வீராங்கனையின் செயல் சரியானதே. நான்கு மணித்தியாலம் அன்று, நான்கு மீற்றர் தூரமே எஞ்சியிருந்தாலும், விழுபவரை விழவிட்டு ஓடியிருப்பின் அக்கணத்தில் அவர் துணைவரை வெறுங் கருவியாகவே கொண்டிருப்பார். தீர்ப்பு விதிக்கமைந்ததாகவும் செயல் அறத்துக்கமைந்ததாகவும் ஒருங்கே இருத்தல் கூடும். அவ்விரண்டும் முரணும்போது ஐயுறத்தக்கது விதியே. உதவி ஒரு திசையிலேயே செல்லும், கயிறு பார்வையற்றவருக்கே வேண்டும் என்னும் அனுமானத்தின்மேல் அவ்விதி எழுப்பப்பட்டிருந்தது. உதவி பெறுபவர் உதவவும் வல்லவர் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, தற்சார்பு என்பது துணையற்றிருத்தல் எனக் கொள்வது பிழையாகும். தமது இலக்கைத் தாமே தெரிந்து, அதற்குரிய முயற்சியைத் தாமே செலுத்தி, வேண்டுமிடத்துத் தமக்குத் துணை நின்றவருக்குத் தாமும் துணையாகும் ஆற்றலே தற்சார்பு. அவ்வகையில், பெற்ற துணையை மறைக்காமலே ஒருவர் தமது வெற்றியைத் தமதென்று கூறலாம். பதக்கத்தை இழந்த அன்றும் கொங்கொஸ்ற் ஓடிய ஓட்டம் அவருடையதே.