சங்கற்பமும் சாவியும்

உரையாடல் வழியே ஏவலைப் பெற்றுக் காரியம் செய்யும் மென்பொருள் முகவர், அதை யாருடைய அதிகாரத்தில் செய்கிறது? அதிகாரம் சொல்லில் இருக்கிறதா, சொன்னவரிடமா, செய்பவரிடமா? சைவ ஆகம மரபில் இது பழைய கேள்வி. தனக்கெனச் செய்யும் ஆன்மார்த்த பூசைக்கு உரிய தீட்சை போதும். ஊருக்காகக் கோயிலில் செய்யும் பரார்த்த பூசைக்கு ஆசாரியாபிஷேகம் வேண்டும்.

அரியாலைச் சித்திவிநாயகர் கோயிலில் அர்ச்சனை செய்விப்பவர் தம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல, குருக்கள் அவற்றைச் சங்கற்பத்தில் சேர்த்துக்கொள்கிறார். கருவறைக்குள் போகும் உரிமை குருக்களுடையது. அந்தச் செயல் யாருக்காக என்பதைச் சங்கற்பம் கட்டிவிடுகிறது. தட்டில் வெற்றிலைக்கு அடியில், சுவாமியின் பதக்கத்தை இன்னாரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டுக் கடதாசி கிடந்தால் குருக்கள் வாசிப்பார், கொடுக்கமாட்டார். மென்பொருள் முகவரோ, வாசித்ததையே ஏவலாகக் கொண்டு கொடுத்துவிடக்கூடும்.

கணினியியலாளர் நோர்ம் ஹார்டி 1988இல் எழுதிய நிகழ்வும் இத்தகையதே. நிரல்மாற்றி (compiler) ஒன்றுக்கு அது இருந்த கோப்பகத்தில் எழுதும் உரிமை இருந்தது. அங்கிருந்த கட்டணக் கணக்குக் கோப்பின் பெயரை, நிரல்மாற்றியின் வெளியீட்டைப் போடும் இடமாக ஒரு பயனர் கொடுத்தார். கணக்கு அழிந்தது. பயனருக்கு இல்லாத உரிமையை நிரல்மாற்றி அவருக்காகப் பயன்படுத்திவிட்டது. கோப்பின் பெயரையும் அதில் எழுதும் உரிமையையும் பயனரே ஒரு சாவிபோல ஒன்றாகக் கையளிக்க வேண்டும் என்பது ஹார்டி கண்ட தீர்வு. செயலை யாருக்காக என்று கட்டும் சங்கற்பத்துக்கு இது மிக அருகில் வருகிறது.

அதிகாரம் என்ற கருத்து யாழ்ப்பாணத்தில் சாதியின் பெயரால் வாசலை அடைக்கவும் பயன்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எழுந்த போராட்டம் அந்த அநீதிக்கு எதிரானது. அங்கே அளந்தது பிறப்பை. முகவரில் அளக்கவேண்டியது ஒவ்வொரு செயலையும்.

உரையாடல் முகவரில் சிக்கல் ஹார்டி கண்டதைவிட ஆழமானது. மீமாம்சகர் வேத வாக்கியங்களில் விதியையும் அர்த்தவாதத்தையும் பிரித்தனர்: விதி செய்யச் சொல்வது, அர்த்தவாதம் புகழ்ந்தோ இகழ்ந்தோ அதற்குத் துணைநிற்பது. செய்ய உரியவர் யார் என்பதை அதிகாரவிதி தனியே சொல்லும். முகவரை இயக்கும் மொழி மாதிரிக்கு இந்தப் பகுப்பு உறுதியாக வாய்க்கவில்லை. பயனரின் கட்டளையும் அவர் வாசிக்கக் கொடுத்த கடிதமும் ஒரே சொல்லோட்டமாக உள்ளே போகின்றன. 2025இல் மைக்ரோசொப்ட் 365 கோபைலட்டில் வெளிப்பட்ட எக்கோலீக் ஓட்டை இவ்வகையது: வெளியார் அனுப்பிய மின்னஞ்சலுக்குள் மறைந்த ஏவல், பயனர் பார்க்க உரிமையுள்ள தகவல்களை வெளியே கசியவைக்க முடிந்தது. நிறுவனம் அதை அடைத்தது.

இங்கே பயனரின் உரிமை மெய்யானது, ஏவல்தான் அந்நியருடையது. ஆகவே முகவரின் உரிமையைப் பயனரின் அளவுக்குக் குறைத்தாலும் போதாது. வெளியே அனுப்புதல், அழித்தல், பணம் செலுத்துதல் ஆகியவற்றுக்கு முன், மாதிரிக்கு வெளியே நிற்கும் ஒரு காவல் பயனரிடமே திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது.