யாருக்குக் கொடுக்கிறோம்?

குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்லும்போது 'குழந்தை பார்க்கப் போகிறோம்' என்றே நாம் சொல்கிறோம். தாயைப் பார்க்கப் போவதாக எவரும் சொல்வதில்லை. நாம் எடுத்துச் செல்லும் பொருள் யாரை நோக்கிச் செல்கிறது என்பதை இவ்வழக்கே காட்டிவிடுகிறது. சட்டை, கிலுகிலுப்பை, வெள்ளி அரைஞாண் ஆகிய அனைத்தும் தொட்டிலுக்கே போய்ச் சேர்கின்றன. பத்து மாதம் சுமந்து, உயிரைப் பணயம் வைத்து ஈன்றவளோ வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறாள்.

பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுப்பது தகும் என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் கொடுத்தல் பற்றிய பெரிய வினா ஒன்று இதனுள் இருக்கிறது. கொடுக்கும்போது நாம் எண்ணுவது பெறுபவரின் தேவையையா, நமது நற்பெயரையா? கொடையின் பயன், கொடுக்கும் முறை, பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்னும் நான்கினால் வேறுபடும் எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. இவற்றுள் பொருளைப் பற்றியே நாம் பெரிதும் கவலைப்படுகிறோம். பெறுபவரைப் பற்றி எண்ணுவது குறைவு.

இதனை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். நீலகிரியில் குன்னூர் வட்டத்தில், அருவங்காட்டை அடுத்து இருப்பது ஜெகதளா. படுகர் பெருமக்களின் தொன்மையான ஊர்களில் ஒன்று. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுள் பல சிறு விவசாயிகளுடையவை. மார்கழி, தை மாதங்களின் விடியற்குளிர் அங்கு கடுமையானது. ஆதலால் இத்தகைய மலையூரில் பிள்ளை பிறந்த வீட்டிற்குக் கம்பளிக் குல்லாயும் காலுறையும் கொண்டு செல்வது பொருத்தமே. ஆனால் வருபவர் அனைவரும் குல்லாயே கொண்டுவந்தால்? ஒரு தலைக்கு ஏழு குல்லாய் என்றாகும்.

மலையின் பெருமையாக மேலும் இரு பொருள்கள் அன்பளிப்பில் இடம்பெறும். ஒன்று மலைத்தேன், மற்றொன்று நீலகிரித் தைலம். தேனை நம்மவர் விலக்குவது உயிர்வதை கருதி. மருத்துவர் விலக்குவது வேறு காரணத்தால். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். எனவே சேனை வைக்கிறோம் என்று பச்சிளங்குழந்தையின் நாவில் ஒரு துளி தடவுவதும் ஆகாது. தைலமும் அவ்வாறே: பெரியவர்க்குச் சளியைப் போக்குவது சிசுவின் மூக்கருகே மூச்சுத்திணறலை உண்டாக்கலாம், உட்கொண்டால் நஞ்சு. இரண்டையும் கொண்டுவருபவர் அன்போடுதான் கொண்டுவருகிறார். அன்பு இருந்தால் போதும், ஆராய்தல் வேண்டா என்னும் எண்ணம்தான் பிழை.

அன்பளிப்பு என்னும் பெயரில் தீங்கு வரக்கூடும் என்பதை நம் நாட்டுச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விற்பனையைப் பெருக்கும் நோக்கில் அவற்றை இலவசமாகவோ பரிசாகவோ தாய்மார்க்கு வழங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. உறவினர் வாங்கிவரும் ஒரு டப்பாவை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் 'உனக்குப் பால் போதாது' என்று அந்த டப்பா சொல்லாமற் சொல்லும் சொல், பிள்ளை பெற்ற பத்தாம் நாளில் ஒரு பெண்ணை எவ்வளவு கலங்கச் செய்யும்! உண்மையிலேயே பால் சுரவாத நிலையில் மருத்துவர் கூறுவதைக் கேட்பதே முறை. அதனை விருந்தினர் தீர்மானிக்கலாகாது.

அரசும் இவ்வகையில் கொடையாளியாக இருந்திருக்கிறது. தமிழகத்தில் 2015இல், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பெரும்பகுதி குழந்தைக்குரியவை. எனினும் தாய்க்கெனச் சோப்பும், கைகழுவும் திரவமும், சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இடம்பெற்றன. லேகியத்தைச் சேர்த்தவர் எவராயினும் அவர் தாயை நினைத்தவர். பின்லாந்து நாடு 1938இல் ஏழைத் தாய்மார்க்குத் தொடங்கிய பெட்டியை 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் உரியதாக்கியது. பெட்டி வேண்டாதவர் பணமாகப் பெறலாம். பெறுபவளிடமே தேர்வை விட்டுவிடும் இம்முறை எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'உனக்கு என்ன வேண்டும் அம்மா?' என்று கேட்பது மரியாதைக் குறைவு என நம்மிடையே ஒரு தயக்கம் உண்டு. கேளாமல் ஏழாவது குல்லாயைக் கொடுப்பதைவிட அது மேலன்றோ?

இனி ஜெகதளா போன்ற ஊரின் சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பெண்ணை எண்ணுவோம். பணியிலிருக்கும் பெண்ணுக்கு ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. தன் சொந்தத் தோட்டத்தில் உழைப்பவளுக்கு விடுப்பு அளிப்பவர் யார்? தேயிலைச் செடி பேறுகாலத்தை அறியாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தாக வேண்டும். தவறினால் இலை முற்றிவிடும். தொழிற்சாலையில் விலை குறையும். பறித்த இலையை அன்றே கொண்டு சேர்க்கவும் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் வருமானத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஆகவே உடல் தேறுமுன்னரே அவள் கூடையை எடுக்க நேர்கிறது. அவளுக்காக இரு பெண்கள் ஒரு சுற்றுக் கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் அதற்கு ஈடான அன்பளிப்பு எந்தக் கடையில் கிடைக்கும்? ஒரு வாரம் துணி துவைத்துக் கொடுப்பதும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், பகலில் இரண்டு மணி நேரம் சிசுவை மடியில் வைத்துக்கொண்டு தாயை உறங்கச் செய்வதும் இவ்வகையினவே.

'உழைப்பை யாரும் மொய்நோட்டில் எழுத மாட்டார்களே' எனச் சிலர் கூறலாம். அதுவே அதன் சிறப்பு. நோட்டில் ஏறிய ஐந்நூறு ரூபாய் நாளை திரும்பிச் செலுத்த வேண்டிய கடன். படுத்திருப்பவள் மனத்தில் அது சுமையாகவே ஏறுகிறது. அதற்காக எல்லாம் பயன் கருதியே இருக்க வேண்டும் என்பதும் எம் கருத்தன்று. முன்புறம் திறந்து பாலூட்ட வசதியான ஒரு பருத்தி உடுப்பு, அவளுக்குப் பிடித்த நிறத்தில், அவளுக்கென்றே வாங்கியது. அது தரும் மகிழ்ச்சியும் மருந்துதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதற்குழந்தை ஆணெனில் நிறைந்து வரும் தட்டு, இரண்டாவதும் பெண் என்றால் சுருங்கிவிடுவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். வருவோரின் எண்ணிக்கையும் குறைகிறது. வந்தோரின் குரலும் தாழ்கிறது. இருமுறையும் அவள் பட்ட வலி ஒன்றே. அத்தகைய வீட்டிற்கு முதல் வாரத்திலேயே, சற்று உரக்கப் பேசிக்கொண்டு, இரு கையும் நிறையச் செல்லுங்கள். நாற்பதாம் நாள், வேறு எவரும் வாராத ஒரு பிற்பகலில், மறுபடியும் ஒருமுறை செல்லுங்கள். அன்று வெறுங்கையோடு சென்றாலும் குறையில்லை.